சொல்லக் கூசும் நோய்கள்



தலைவலி வந்தால் நாம் வீடு முழுதும் கேட்கச் சொல்லுகிறோம். பல்வலி வந்தால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தெருவிலேயே நடக்கிறோம். ஆனால் மலக்குடலிலோ அதன் வாயிலிலோ ஒரு துன்பம் நேர்ந்தால் தாயிடத்திலும் சொல்லுவதில்லை, மருத்துவரிடத்திலும் சொல்லுவதில்லை. சொல்லாமலே மாதங்கள் கழிகின்றன; சிலருக்கு ஆண்டுகளும் கழிகின்றன. தொடக்கத்தில் கீரையாலும் நீராலும் தீர்ந்திருக்கக் கூடிய நோய், இறுதியில் கத்தியை வேண்டி நிற்கிறது. இவ்வகை நோய்களைப் பற்றியும், அவற்றுக்கு உரிய இருவகைச் சிகிச்சைகளைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். அறுபதைக் கடந்த ஒரு பள்ளி ஆசிரியன். ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. ஆகையால் உணவிலிருந்தே தொடங்குவோம்.

நாம் உண்ட உணவு ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் வழியே செல்கிறது. சத்து அங்கே உறிஞ்சப்படுகிறது. எஞ்சிய சக்கை, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை அடைகிறது. சக்கையிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்வது பெருங்குடலின் முதன்மையான வேலைகளுள் ஒன்று. இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். சக்கை அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவுக்கு அது நீரை இழந்து இறுகும். பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு மலக்குடல் என்று பெயர். அதன் வாயே ஆசனவாய்.

ஆசனவாயைச் சுற்றி வளையம் போன்ற இரண்டு தசைகள் உள்ளன. உள்வளையம் நம் ஏவலுக்குக் கட்டுப்படாது. அது தானே மூடியிருக்கும். வெளிவளையம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. வகுப்பு நடக்கும்பொழுது உந்துதல் தோன்றினாலும் மணி அடிக்கும்வரை நம் மானத்தைக் காப்பது அவ்வெளிவளையமே. இவ்விரண்டுக்கும் மேலே, இடுப்பெலும்பின் முன்புறத்திலிருந்து முதுகெலும்பின் வால்நுனி வரையில், குழந்தைக்குத் தூளி கட்டியதுபோல் ஒரு தசைத்தளம் விரிந்திருக்கிறது. இதனை இடுப்புத்தளத் தசை என்பர். சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை ஆகியவற்றை இத்தூளிதான் கீழிருந்து தாங்குகிறது. இதன் ஒரு பட்டை மலக்குடலைப் பின்புறமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால் அவ்விடத்தில் குழாய் மடங்கி நிற்கிறது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயை மடக்கிப் பிடித்தால் நீர் நின்றுவிடுகிறதன்றோ? அது போலத்தான் இதுவும். நாம் குந்தி அமரும்பொழுது அம்மடிப்பு நிமிர்கிறது; வழி எளிதாகத் திறக்கிறது. நாற்காலி போன்ற கழிப்பிருக்கையில் அமர்வோர், காலடியில் சிறு பலகை ஒன்றை வைத்து முழங்கால்களை இடுப்புக்கு மேலே உயர்த்திக்கொண்டால் அப்பயனில் பெரும்பகுதியைப் பெறலாம்.

இனி, இவ்வமைப்பு எவ்வாறு கெடுகிறது என்று பார்ப்போம். உணவு வயிற்றில் விழுந்தவுடன் பெருங்குடல் விழித்துக்கொள்கிறது. காலை உணவுக்குப் பின்னர் உந்துதல் தோன்றுவது அதனாலேயே. அந்த அழைப்பை ஏற்காமல் அடக்கினால், சற்று நேரத்தில் அது அடங்கிவிடும். நாள்தோறும் அடக்கினால் மலக்குடல் மெல்ல விரிந்துகொடுக்கும். விரிந்த குடலுக்கு உணர்ச்சி மழுங்கும். உள்ளே தங்கிய மலம் இறுகும். இறுகிய மலம் வெளிவருகையில் வலிக்கும். வலிக்கு அஞ்சி மேலும் அடக்குவோம். இப்படியே ஒரு சுழல் ஏற்பட்டுவிடுகிறது.

இச்சுழலில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும். கழிப்பறை தூய்மையாக இல்லை என்பதற்காகக் காலை முதல் மாலை வரை ஒரு வாய் நீரும் அருந்தாத மாணவியர் பலரை நான் கண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அடிக்கடி உடையில் கழிந்துவிடுவான். அவனைச் சோம்பேறி என்றும் அழுக்கன் என்றும் உடன்பயின்றோர் எள்ளினர், வீட்டிலும் அடித்தனர். மருத்துவர் சோதித்தபொழுது உண்மை வேறாக இருந்தது. நெடுநாள் அடக்கியதால் மலக்குடலில் மலம் கட்டியாக இறுகிவிட்டது. அக்கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் அவன் அறியாமலே கசிந்துகொண்டிருந்தது. உணர்ச்சி மழுங்கிய குடல் அவனுக்கு அறிவிக்கவேயில்லை. மருந்தால் முதலில் குடலைத் தூய்மை செய்தார்கள். பின்னர்ப் பல மாதங்கள் மலத்தை இளக்கும் மருந்து கொடுத்து, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் அமரப் பழக்கினார்கள். ஓராண்டில் அவன் முற்றிலும் நலமுற்றான். அவனுக்கு வேண்டியிருந்தது தண்டனையன்று, மருத்துவமே.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். சிகிச்சை இருவகைப்படும். உணவு, நீர், பழக்கம், பயிற்சி, மருந்து ஆகியவற்றால் உடம்பைத் தானே சீர்படச் செய்வது ஒன்று. கத்தியால் கெட்டதை நீக்கியோ கிழிந்ததைத் தைத்தோ சீர்படுத்துவது மற்றொன்று. இவற்றின் வரிசை புதியதன்று. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதை எடுத்துப் பாருங்கள். பத்துப் பாக்களில் ஆறு, உணவின் அளவையும் பசியையும் பற்றியே பேசுகின்றன. மருத்துவனைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே வருகிறது. வடமொழியிலுள்ள சுசுருத சம்கிதையும் மூலநோய்க்கு நான்கு வழிகளைக் கூறுகிறது: மருந்து, காரம், சூடு, கத்தி. கத்தி இறுதியில் நிற்பதைக் கவனியுங்கள்.

முதல்வகைச் சிகிச்சையில் தலையாயது நார்ச்சத்து. டெனிஸ் பர்கிட் என்னும் ஐரிஷ் நாட்டு அறுவை மருத்துவர் ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டாவில் பல்லாண்டு பணியாற்றினார். தம் நாட்டு மருத்துவமனைகளில் நாள்தோறும் காணப்பட்ட குடல் நோய்கள் சில, உகாண்டாச் சிற்றூர்களில் அரியனவாய் இருப்பதை அவர் கண்டார். உண்டது வெளிவர எவ்வளவு காலம் ஆகிறது என்று அவரும் அவர் நண்பர்களும் அளந்தார்கள். 1972-இல் அம்முடிவுகள் வெளிவந்தன. இங்கிலாந்தில் மூன்று நாள் அளவு ஆயிற்று. சிற்றூர் ஆப்பிரிக்கர்க்கு அதில் ஏறத்தாழப் பாதியே ஆயிற்று. தீட்டாத தானியமும் கிழங்கும் பயறும் உண்போர்க்குச் சக்கை மிகுதி. ஆகையால் அது விரைந்து நகர்கிறது. பர்கிட் நார்ச்சத்தின் பெருமையாகக் கூறியவை அனைத்தும் பின்னர் நிலைபெறவில்லை. ஆயினும் மலச்சிக்கலுக்கு அவர் கூறிய மருந்து நிலைபெற்றது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தேனும் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. கம்பு, கேழ்வரகு, தோலுள்ள பயறு, கீரை, அவரை, கொய்யாப் பழம் ஆகியவை நம் கைக்கெட்டியவையே. நாரைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நீரையும் உடன் கூட்ட வேண்டும். இல்லையேல் வயிறு உப்பும்.

இரண்டாவது, இடுப்புத்தளத் தசைக்குரிய பயிற்சி. ஆர்னல்டு கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் இதனை 1948-இல் எடுத்துரைத்தார். மகப்பேற்றுக்குப் பின்னர்ச் சிரித்தாலும் இருமினாலும் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அன்றுவரை அறுவையே பெரிதும் கூறப்பட்டு வந்தது. கையிலும் காலிலும் உள்ள தசை பயிற்சியால் வலுப்பெறுமானால் இத்தசை மட்டும் ஏன் வலுப்பெறாது என்று அவர் எண்ணினார். சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல் அத்தசையை உள்நோக்கிச் சுருக்கி, சில நொடி நிறுத்தி, பின்னர் முழுதும் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையேனும், நாளுக்கு மூன்று வேளையாக, மூன்று மாதம் விடாமல் செய்தல் வேண்டும். பலருக்கு இதனாலேயே கசிவு குறைந்துவிடுகிறது. செலவு ஒரு காசும் இல்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. சிலருக்குத் தசை தளர்வதற்குப் பதிலாக, மலங்கழிக்க முயலும்பொழுதே இறுகிக்கொள்ளும். அவர்களுக்கு வலுவூட்டும் பயிற்சி உதவாது. தளர்த்தும் பயிற்சியே வேண்டும். தசையின் அசைவைத் திரையில் காட்டும் கருவியின் துணையோடு அதைக் கற்பிக்கும் முறை இன்று பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ஆகையால் எது தமக்கு ஏற்றது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இனி நோய்களைத் தனித்தனியே காண்போம். ஆசனவாயின் உட்புறத்தில் குருதிக் குழாய்களால் ஆன மெத்தைகள் இயற்கையாகவே நம் அனைவர்க்கும் உண்டு. முக்கி முக்கி மலங்கழிப்பதால் அவை வீங்கிச் சரிவதே மூலம். இதனை நான்கு படிகளாகப் பிரிப்பர். முதற்படியில் குருதி மட்டுமே கசியும். நான்காம் படியில் வெளியே தள்ளிய மூலம் உள்ளே செல்லாது. முதற்படிகளில் நார்ச்சத்தும் நீரும் வெந்நீரில் இடுப்புக் குளியலும் பெரும்பாலும் போதும். அடங்காவிடில், மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். குருதியோட்டம் நின்று அது சில நாட்களில் உதிர்ந்துவிடும். 1963-இல் பேரன் என்ற அமெரிக்க மருத்துவர் இம்முறையைப் பரப்பினார். முற்றிய மூலத்துக்கே கத்தி வேண்டும். இலண்டன் புனித மார்க் மருத்துவமனையைச் சேர்ந்த மில்லிகன், மார்கன் முதலானோர் 1937-இல் வெளியிட்ட அறுவைமுறை இன்றும் கையாளப்படுகிறது.

ஆசனவாய் வெடிப்பும் அவ்வாறே. இறுகிய மலம் கிழித்த சிறு புண்ணுக்காக உள்வளையத் தசை அஞ்சி இறுகுகிறது. இறுகியதால் குருதி குறைந்து புண் ஆறுவதில்லை. தசையைத் தளர்த்தும் களிம்பும் மலத்தை இளக்கும் மருந்தும் முதலில் தருவர். ஆறாத புண்ணுக்கு அத்தசையில் ஒரு பகுதியை மட்டும் வெட்டித் தளர்த்துவர். மிகுதியாக வெட்டினால் அடக்கும் ஆற்றல் குறையும். ஆகையால் தேர்ந்த கை வேண்டும்.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, கத்தி என்றாலே தீது என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. கத்தியின்றித் தீராத நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்று பௌத்திரம். ஆசனவாயின் அருகே கட்டி தோன்றி உடைந்து, உள்ளிருந்து வெளியே ஒரு சுரங்கவழி ஏற்பட்டுவிடுவது இந்நோய். பிரான்ஸ் நாட்டை ஆண்ட 14-ஆம் லூயி மன்னனுக்கு இந்நோய் கண்டது. களிம்புகளும் பூச்சுகளும் பயன்படாமற் போகவே, 1686-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் வெர்சேல்ஸ் அரண்மனையில் பெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர் அவனுக்கு அறுவை செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. மன்னன் பிழைத்தான், அதன் பின்னர் மேலும் 28 ஆண்டுகள் ஆண்டான். அக்காலத்தில் முடிதிருத்துவோரோடு வைத்து எண்ணப்பட்ட அறுவை மருத்துவர்களின் மதிப்பு அந்நாட்டில் உயர்ந்ததற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம் என்பர்.

நம் நாட்டில் இந்நோய்க்கு வேறொரு வழியும் உண்டு. கள்ளிப் பாலும் நாயுருவிச் சாம்பலின் உப்பும் மஞ்சளும் பலமுறை பூசி உலர்த்திய நூலை அச்சுரங்கவழியில் நுழைத்துக் கட்டி, வாரந்தோறும் புது நூலை மாற்றுவார்கள். நூல் வழியை மெல்ல அறுக்கும். அறுத்த இடம் பின்னாலேயே ஆறிவரும். பழைய நூல்களில் சொல்லப்பட்ட இம்முறைக்குக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தார் 1960-களில் புத்துயிர் அளித்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதனைக் கத்தியோடு ஒப்பிட்டுச் சோதித்து, 1991-இல் முடிவை வெளியிட்டது. நூல் முறையில் ஆறுவதற்கு நாள் மிகுதியாகிறது. ஆனால் நோய் மீண்டும் வருவது குறைகிறது என்பதே அம்முடிவு. பழைமை என்பதற்காகப் போற்றுவதும் தவறு, தள்ளுவதும் தவறு. சோதித்துக் கொள்வதே அறிவியல். எனக்கும் 56-ஆம் வயதில் பௌத்திரம் கண்டது. அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டு ஆறு வாரத்தில் நடைப்பயிற்சிக்குத் திரும்பினேன். வானொலியில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. காலில் முள் தைத்ததைச் சொல்லக் கூசுவேனா?

பச்சிளங் குழந்தைக்கு வரும் ஒரு நோயில், கத்தியைத் தவிர்ப்பதே கேடாக முடியும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹிர்ஷ்ஸ்பிரங் என்ற குழந்தை மருத்துவர், மலங்கழிய இயலாமல் வயிறு வீங்கி இறந்த இரு குழந்தைகளைப் பற்றி 1886-இல் எடுத்துரைத்தார். அறுத்துப் பார்த்தால் பெருங்குடல் பெரிதாக வீங்கியிருக்கும். வீங்கிய குடலே நோயுற்ற குடல் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது. கீழே ஒடுங்கி, பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றும் பகுதியில்தான் குடலை இயக்கும் நரம்பணுக்கள் இல்லை; மேலுள்ள நல்ல குடல் அத்தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே வீங்கிவிட்டது. பாஸ்டன் நகரில் ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவர், அவ்வொடுங்கிய பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் முறையை 1948-இல் வெளியிட்டார். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நோய் வருகிறது. பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தை முதல்மலம் கழிக்காவிட்டால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பது இதனாலேயே.

மலக்குடல் வெளியே பிதுங்கும் நோயில் வயதே வழியை முடிவு செய்கிறது. சிறு குழந்தைக்கு அது வயிற்றுப்போக்காலோ மலச்சிக்கலாலோ ஊட்டக்குறைவாலோ வரும். மூலகாரணத்தை நீக்கினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். முதியவர்க்கோ, தளர்ந்த மலக்குடலை மேலே தூக்கி முதுகின் அடியெலும்போடு இணைத்துத் தைக்கும் அறுவை வேண்டியிருக்கும்.

பெண்கள் படும் துன்பம் ஒன்றையும் சொல்லாமல் விட இயலாது. பிள்ளைப்பேறு நாட்கணக்கில் தடைப்பட்டு நின்றால், குழந்தையின் தலை அழுத்திய இடம் அழுகி, சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ துளை விழுந்துவிடும். அதன் பின்னர் இரவும் பகலும் கசிவுதான். எத்தியோப்பியாவில் இத்தகைய பெண்களைக் கணவரும் ஊராரும் ஒதுக்கி வைத்தனர். 1959-இல் அங்கே சென்ற ஆஸ்திரேலிய மருத்துவர் கேதரின் ஹாம்லின், தம் கணவரோடு சேர்ந்து 1974-இல் அடிஸ் அபாபா நகரில் இவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். 2020-இல் அவர் மறையும்வரை பல்லாயிரம் பெண்கள் அங்கே அறுவையால் நலம் பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பினார்கள். அப்பெண்களின் துயரில் பாதி நோயால் வந்தது. மறுபாதி, நோயைக் குற்றமாக எண்ணிய மனிதரால் வந்தது.

கத்தியும் புதுக்கருவியும் எப்பொழுதும் நன்மையே செய்யும் என்று எண்ணுவதும் பேதைமை. கருப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பின் வழியே செயற்கை வலையைப் பொருத்தும் முறை ஒரு காலத்தில் மேனாடுகளில் விரைந்து பரவியது. வலை சதையை அரித்துப் பலருக்குத் தீராத வலியைத் தந்தது. 2019-இல் அமெரிக்க அரசு அவ்வலைகளின் விற்பனையை நிறுத்த ஆணையிட்டது.

நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களில் மூலம், பௌத்திரம் ஆகியவற்றை ஒரே நாளில் தீர்ப்பதாகக் கூறும் விளம்பரங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். கூச்சமே இவர்களுடைய முதல். பயிற்சி இல்லாதவன் ஏற்றும் கார ஊசியால் ஆசனவாய் வெந்து சுருங்கியோரும் உண்டு. மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். மலத்தில் குருதி கண்டால் அது மூலந்தான் என்று தாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. குடற்புற்றும் அவ்வாறே தொடங்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்க்குக் குருதி கண்டாலோ, நெடுநாள் பழக்கம் திடீரென மாறினாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, அவரைக் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். படித்த பேரப்பிள்ளை அருகே நின்றால் பாட்டி தன் நோயைச் சொல்லத் துணிவாள்.

நீங்கள் செய்யத்தக்கவை அரியவை அல்ல. காலையில் கால்மணி நேரம் முன்னதாக எழுந்து, உண்ட பின்னர் அமைதியாகக் கழிப்பறைக்குச் செல்லுங்கள். அழைப்பு வந்தால் அடக்காதீர்கள். முக்காதீர்கள். கைப்பேசியோடு அங்கே நெடுநேரம் அமராதீர்கள். நீர் அருந்துங்கள். உடன் பயிலும் ஒருவன் கழிந்துவிட்டாலோ, குடலறுவை செய்துகொண்டு வயிற்றில் கழிவுப் பையை அணிந்து வந்தாலோ, எள்ளாதீர்கள், எள்ளுவோரைத் தடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கவேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. கட்டடம் எழுந்தால் மட்டும் போதாது. அதில் நீர் வரவேண்டும், கதவில் தாழ்ப்பாள் இருக்கவேண்டும். இல்லையேல் தலைமையாசிரியரிடம் சென்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. மாணவர் கையை உயர்த்தி வெளியே செல்ல அனுமதி கேட்டால், இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்கள் காரணம் கேளாமல் அனுப்பிவைப்பார்களாக.

வாயைப் போலவே குடலும் நம் உடம்பில் ஓர் உறுப்பு. அதில் நேரும் நோயை, நேர்ந்த அன்றே, உரியவரிடம் சொல்லுங்கள்.